மூன்றாவது டம்ளர்

பால் காய்வதைப் பார்க்க எனக்கு வீட்டிலேயே வசதி இருக்கிறது. அதற்கு 190 ரூபாய் டிக்கெட் எடுத்து, பைக்கை மூன்றாவது தளத்தில் நிறுத்திவிட்டுப் போக வேண்டியதில்லை.

நேற்று இரவுக் காட்சி. எந்தப் படம் என்று கேட்காதீர்கள், நீங்களும் மாட்டியிருப்பீர்கள். "நடிப்பு பிரமாதம்டா, கொஞ்சம் ஸ்லோ" என்றான் நண்பன். அந்தக் 'கொஞ்ச'த்துக்காகவே அவன் மேல் கேஸ் போடலாம்.

நடிப்பு பிரமாதம்தான். வயிற்றெரிச்சலே அதுதான்.

காணாமல் போன பையனின் அப்பாவைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார். வருகிறார். இன்னும் வருகிறார். தெருமுனையில் ஜீப் திரும்புவதில் ஆரம்பித்து கேட், கேட்டின் கொண்டி, ஒரு ஷூவின் லேஸ், அப்புறம் மறு ஷூவின் லேஸ். "டீ சாப்பிடறீங்களா சார்?" என்கிறார் அப்பா. வேண்டாம்னு சொல்லித் தொலையேன்யா! தலையாட்டிவிட்டார். அப்பா அடுக்களைக்குள் போகிறார், கேமரா போகவில்லை. அது ஹாலிலேயே நின்று காலண்டரைப் பார்க்கிறது. உள்ளே லைட்டர் டிக்... டிக்... டிக். மூன்றாவது டிக்கில்தான் அடுப்பு பற்றுகிறது. பால் காய்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் காய எவ்வளவு நேரமாகுமோ, நிஜமாகவே அவ்வளவு நேரம். பின்வரிசையில் ஒருத்தர், "சிம்முல வெச்சிட்டாரு போல" என்றார். தியேட்டரே சிரித்தது. அதுவரை காதில் விழுந்ததில் வேகமான வசனம் அது ஒன்றுதான்.

அப்புறம் அப்பா தட்டோடு வருகிறார். இரண்டு பேர், மூன்று டம்ளர். பழக்கத்தில் பையனுக்கும் சேர்த்து ஊற்றிவிட்டார். அதைக் கவனித்ததும் அந்த நடிகர் அழவில்லை. தட்டை ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஐயா, அங்கே வெட்டுங்கள்! கத்தரி இல்லையென்றால் நான் கொண்டுவருகிறேன்.

வெட்டவில்லை. டம்ளருக்கு ஒரு குளோசப். டீயில் ஆடை படிகிறது, அதற்கு ஒரு குளோசப். வயலின் அழுகிறது. இன்ஸ்பெக்டர் டம்ளரைப் பார்க்கிறார், அப்பாவைப் பார்க்கிறார், மறுபடி டம்ளரைப் பார்க்கிறார். போதாதென்று அதே டம்ளரில் பையன் குடிக்கும் ஃபிளாஷ்பேக்! எங்களுக்குப் புரியாதாம். தொண்டையில் அடைத்தது கொட்டாவியாக வெளியே வந்தது. மணி பார்த்தேன். அந்த வீட்டுக்குள் நுழைந்து 11 நிமிடம். கிடைத்த துப்பு: பையனுக்கு டீ பிடிக்கும்.

1954இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. சிவாஜியை ஆரம்பத்திலேயே சுட்டுப் போட்டுவிட்டு, யார் சுட்டது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லவைத்தார். இன்றைக்குப் போட்டாலும் நான் மணி பார்க்க மாட்டேன். கொரியாவில் போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், கொலைகாரன் சிக்கவே மாட்டான். (நிஜ வழக்கில் ஆள் யாரென்று தெரிந்ததே 2019இல்தான்.) அதையும் நகம் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். படம் மெதுவாகப் போனால் போகட்டும். இது போகவே இல்லையே!

கொலைகாரன் யார் என்று இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்ற ஒரு பாட்டி சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. நடுவில் மொட்டை மாடியில் சிகரெட் பிடித்தபடி யோசித்தார். திரையின் மூலையில் 'புகை பிடித்தல் உடல்நலத்திற்குக் கேடு' என்று வந்தது. வேறு வேலை இல்லாததால் எழுத்துகளை எண்ணினேன். இரண்டு தடவை.

வெளியே வந்தால் பார்க்கிங்கில் கூடுதல் கட்டணம். விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்தை 10 நிமிடம் தாண்டிவிட்டேனாம். 10 நிமிடம்! அந்தப் பால் காய்ந்த நேரத்துக்கு நான் வாடகை கட்டியிருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே நூறு ரூபாயை நீட்டினேன். "சில்லறை இல்ல சார்." காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் காசு வாங்கிப் போட்ட பெட்டியில் இருபது ரூபாய் சில்லறை இல்லையாம்! இந்த ஊர்ச் சில்லறையெல்லாம் எங்கேதான்யா போகிறது?