பழைய சர்வர் என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சர்வர்களைப் பற்றி ஒரு நண்பர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யார் வேண்டுமானாலும் வரையலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற உலக வரைபடம். சர்வர்கள் அதைத் தாங்கி நிற்கும் கணினிகள். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். "இருபது வருஷத்து ஓட்டை உடைசலை வைத்துக்கொண்டு உலகத்துக்கே மேப் போடுகிறார்கள். விவரம் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் ஒரே வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கிளவுடுக்குத் தூக்கிவிடலாம்" என்று அந்த நண்பர் சொன்னார். கிளவுட் என்றால் பெரிய நிறுவனங்கள் இணையம் வழியாக வாடகைக்குத் தரும் கணினிகள். அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆறவில்லை. சிரித்தவர்களில் பலர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கள் ஊர்த் தெருவை, கண்மாயை, பள்ளிக்கூடத்தைத் தாங்களே வரைந்தவர்கள்.

சர்வர்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. புதுப்பிப்பது ஆள் செய்கிற வேலை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். திட்டம் போட ஆள் வேண்டும், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது விழுந்தால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஒரு நாளும் வராதவர்கள், வந்து செய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

முதலில் அந்த "இருபது வருஷம்". 2004-ல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது திட்டம். மெஷின்கள் அன்று வாங்கியவை அல்ல. ஆரம்பத்தில் லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜும் இம்பீரியல் காலேஜும் இடம் கொடுத்தன. இப்போது முக்கியமானவை ஆம்ஸ்டர்டாமிலும் டப்ளினிலும் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு டிராகனின் பெயர். பழைய டிராகன்கள் ஓய்வு பெறும், புதியவை வரும். எது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்ற பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் இருக்கிறது. கிண்டல் செய்வதற்கு முன்னால் அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

சரி, புதுப்பிப்பது என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு கணினியைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவது அதில் சின்னப் பகுதி. வரைபடத்தில் நாம் வைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 2013 பிப்ரவரியில் அந்த எண் 2,14,74,83,647-ஐத் தாண்டியது. ஓர் எண்ணைக் கணினி 32 பிட்டில், அதாவது 32 பூஜ்யம்-ஒன்று இடங்களில், கழித்தல் எண்களுக்கும் இடம் விட்டுச் சேமித்தால் அதில் அடங்கும் மிகப் பெரிய எண் அது. அதற்கு மேல் போனால், 32 பிட்டையே நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் தடுமாறும். டேட்டாபேஸை மட்டும் மாற்றினால் போதாது. உலகம் முழுக்க யார் யாரோ எழுதிவைத்த கருவிகளும் 64 பிட்டுக்கு மாற வேண்டும். அந்தக் கருவிகளை எழுதியவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, காத்திருந்து, நினைவுபடுத்தி அதைக் கடந்தார்கள். அன்று நம்மில் யாராவது அதைக் கவனித்தோமா?

2024-லும் ஒன்று நடந்தது. பழைய ஓஆத் 1.0ஏ உள்நுழைவு முறையையும், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே அனுப்புகிற முறையையும் நிறுத்தினார்கள். பாதுகாப்புக்குத் தேவையான வேலை. ஆனால் பழைய செயலியை வைத்திருப்பவருக்குத் திடீரென்று திருத்த முடியாமல் போகும். அதனால் மாதக் கணக்கில் அறிவித்து, அவகாசம் கொடுத்து, பிறகுதான் மூடினார்கள். ஒரே வாரக் கடைசியில் முடித்திருக்கலாம், முடியாமல் இல்லை. மறுநாள் காலையில் பல பேருடைய கருவிகள் வேலை செய்யாமல் நின்றிருக்கும், அவ்வளவுதான். கருவிகளும் செயலிகளும் தளத்தோடு பேசும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். நாம் இன்றும் பயன்படுத்தும் அதன் 0.6 பதிப்பு 2009-லிருந்து ஓடுகிறது. உள்ளே இவ்வளவு மாற்றிக்கொண்டே வெளியே எதுவும் மாறாத மாதிரி வைத்திருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு!

"2024 டிசம்பரில் தளம் படுத்ததே, மறந்துவிட்டீர்களா?" என்று அவர் கேட்டார். மறக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமுக்கு இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பக்கம் கோளாறு. நம் மெஷின்கள் நன்றாகவே இருந்தன, அவற்றுக்குப் போகும் வழிதான் இல்லை. டப்ளினில் டேட்டாபேஸின் நகல் இருந்ததால் தளத்தைப் பார்க்க மட்டும் திறந்துவிட்டார்கள், திருத்தம் நாள் கணக்கில் நின்றது. "நகலையே முதன்மை ஆக்கியிருக்கலாமே?" என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். கடைசி நிமிடத்தில் ஆம்ஸ்டர்டாமில் பதிவாகி டப்ளினுக்கு வந்து சேராத திருத்தங்கள் இருந்தால்? இணைப்பு திரும்பியதும் இரண்டு இடத்தில் இரண்டு உண்மை நிற்கும். எது சரி என்று யார் உட்கார்ந்து பிரிப்பது? தரவு போவதைவிடக் காத்திருப்பது மேல் என்று ஒருவர் முடிவெடுத்தால், அவருக்கு வேலை தெரியும் என்று அர்த்தம்.

அடுத்து கிளவுட். இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

கிளவுடுக்குப் போகக் கூடிய பகுதிகள் ஏற்கெனவே போய்விட்டன. நாம் ஏற்றும் ஜிபிஎஸ் தடங்களும், முழு உலகத் தரவின் பிரதிகளும் அமேசானின் சேமிப்பகத்தில் இருக்கின்றன. அவர்களுடைய திறந்த தரவுத் திட்டத்தின் ஆதரவில் அது நடக்கிறது. வரைபடத்தின் சின்னச் சின்னச் சதுரங்கள், அதாவது டைல்கள், ஃபாஸ்ட்லி நிறுவனம் நன்கொடையாகத் தரும் வலையமைப்பு வழியாக வருகின்றன. அதற்கு முன்னால் பல நாடுகளில் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இரவல் கொடுத்த சர்வர்களில்தான் டைல்களைத் தேக்கி வைத்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இறக்கிவைத்ததற்குப் பெயர் நவீனப்படுத்துவதுதானே?

மிச்சத்தையும் ஏன் கொண்டுபோகவில்லை? கிளவுடில் தரவு உள்ளே போகும்போது பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், வெளியே வரும்போது ஜிபி கணக்கில் வாங்குவார்கள். நம் தளத்தின் வேலையே தரவை வெளியே கொடுப்பது. அதோடு, ஒரு தெருவை நீங்கள் நகர்த்தினால் சில நிமிடங்களில் டைல் புதிதாக வரைந்து வருகிறதே, அதற்கு டேட்டாபேஸ் ஓயாமல் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்க வேண்டும். இரவு பகல் ஒரே சீராக ஓடும் இந்த மாதிரி வேலைக்குச் சொந்த மெஷின் மலிவு. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. அந்த நண்பர் வேலை பார்க்கும் இடத்தில் மாதக் கடைசியில் வரும் கிளவுட் பில்லை அவர் சொந்தப் பணத்தில் கட்டுவதில்லை. இங்கே கட்டுவது நன்கொடைப் பணம்.

கொஞ்சம் என் கதையையும் சொல்ல வேண்டும். பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருந்த ஒரு சின்னத் தளத்துக்குச் சில வருடங்கள் உதவியாக இருந்தேன். பெயர் வேண்டாம். நடத்தியவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாடகை முழுக்க அவர் சம்பளத்திலிருந்து. சர்வர் பழையது, அதில் ஓடியது சென்டோஸ் 6 என்ற இயங்குதளம். அதற்கான ஆதரவு 2020 நவம்பரோடு முடிகிறது என்று தெரிந்ததும் மாற்றத் தொடங்கினோம். தளத்தின் நிரல் பிஹெச்பி என்ற நிரல்மொழியின் 5-ஆம் பதிப்புக்கு எழுதியது. அது டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்திய பழைய கட்டளைகள் பிஹெச்பி 7-ல் அடியோடு இல்லை. எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. எழுத்துதான் எங்களை வதைத்தது. முதலில் தட்டச்சான கட்டுரைகள் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்தன, அப்புறம் வந்தவை இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடில். இரண்டும் ஒரே அட்டவணையில், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியீடு என்று குறித்த நெடுவரிசையில் கிடந்தன. பழைய சர்வரில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. புதியதில் ஏற்றியவுடன், ஏற்கெனவே யூனிகோடாக இருந்ததை அது இன்னொரு முறை மாற்றிப் பக்கம் பக்கமாகக் குப்பையாக்கியது. எந்தக் கட்டுரை எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணால் பார்த்துத்தான் பிரித்தோம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து செய்த வேலை.

அந்தச் சமயத்தில் தளம் விட்டு விட்டுத்தான் வந்தது. அப்போது ஒருவர், அந்தக் கட்டுரைகளை எடுத்தே ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவர், அண்ணனுக்கு எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன். "ஒழுங்காக நடத்தத் தெரியாதவர்கள் எதற்கு ஆரம்பித்தீர்கள்" என்று. ஒரு நன்றி கிடையாது, ஒரு ரூபாய் கிடையாது. அண்ணன் பதில் எதுவும் எழுதவில்லை. வேலையை முடித்தோம், கட்டுரைகள் எல்லாம் நல்லபடியாக வந்துவிட்டன. அடுத்த வருடம் தளப் பெயரைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, "போதும்ப்பா, வேறு யாராவது பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வேறு யாரும் வரவில்லை. பிரதி என்னிடம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. வாசகர்களுக்குத் தளம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அதனால்தான் எழுந்து வெளியே போனேன். கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஆம், கோபம்தான்.

"குறையே சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். சொல்லுங்கள். எது மெதுவாக இருக்கிறது, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், உதவியாக இருக்கும். "ஓட்டை உடைசல்" என்பது குறை சொல்வதில் சேராது.

"தொழில்முறையில் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும்" என்பார்கள். வைத்திருக்கிறார்கள். சர்வர்களைக் கவனிப்பதற்கென்றே முதல் முறையாகச் சம்பளத்துக்கு ஒருவரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை அமர்த்தியது 2022-ல். அதற்கு முன்னால் பல வருடங்கள் அந்த வேலை முழுக்கத் தன்னார்வலர்களின் தோளில் இருந்தது, இன்றும் பெரும்பகுதி அவர்களிடம்தான். ஒரு கோடிப் பேருக்கு மேல் கணக்கு வைத்திருக்கும் தளம் இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

"பெரிய கம்பெனிகள்தான் பயன்படுத்துகின்றனவே, அவர்கள் தரட்டும்" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான், ஆப்பிள் எல்லோருமே இந்தத் தரவை எடுக்கிறார்கள். சிலர் நன்கொடையும் தருகிறார்கள். நீங்கள் இந்தப் பதிவைப் படிக்கும் முகநூலில் வரும் வரைபடத்திலும் நம் ஆட்கள் வரைந்த கோடுகள் இருக்கின்றன. அவர்கள் இன்னும் கூடுதலாகத் தர வேண்டும் என்று கேட்க நானும் வருகிறேன். ஆனால் அவர்கள் தரவில்லை என்பதற்காக நாம் எதுவும் செய்ய வேண்டாம் என்று ஆகாது. கம்பெனிகளைவிட இப்போது பெரிய தலைவலி, செயற்கை நுண்ணறிவுக்காக எல்லாத் தளங்களையும் சுரண்டி எடுக்கும் பாட்டுகள் (bots), அதாவது தானாக ஓடும் நிரல்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2025-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2024 ஜனவரிக்குப் பிறகு படங்களையும் காணொளிகளையும் இறக்குவதற்கான தரவுப் போக்குவரத்து 50 சதவீதம் கூடியிருக்கிறது. அதிகம் செலவு வைக்கும் வருகைகளில் 65 சதவீதம் பாட்டுகளுடையது. பணமும் ஆளும் உள்ள விக்கிமீடியாவுக்கே இந்த நிலை. நன்கொடையில் வாங்கிய மெஷின் மெதுவாக ஓடினால், சர்வர் பழசு என்று சொல்வதற்கு முன்னால், உள்ளே வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறவனைப் பற்றியும் பேசுங்கள்.

இத்தனைக்கு நடுவில்தான் 2025-ல் வெக்டர் டைல்களையும், அதாவது படமாக இல்லாமல் கோடுகளின் தரவாகவே வந்து நம் திரையில் வரையப்படும் டைல்களையும், தளத்தில் கொண்டுவந்தார்கள். தேங்கிப்போன கூட்டம் செய்கிற காரியமா இது?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வெள்ள வரைபடம் நினைவிருக்கிறதா? அதற்கு அடியில் இருந்தது இந்தத் தரவுதான். அந்த வாரம் அதைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் சர்வர் எந்த வருடத்து மாடல் என்று கேட்கவில்லை.

செய்ய மனமிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்த டிராகன்களை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதற்கான செஃப் (சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) குறிப்புகள் முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் திறந்தே இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தெரிந்தவர், ரூபி நிரல்மொழி தெரிந்தவர், லினக்ஸ் நிர்வாகம் தெரிந்தவர் யாரும் இன்றைக்கே படித்துப் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அறக்கட்டளை உறுப்பினர் கட்டணம் வருடத்துக்கு 15 பவுண்டு. கடந்த ஒரு வருடத்தில் 42 நாட்களாவது வரைபடத்தில் வேலை செய்தவர்கள் அந்தக் கட்டணமும் இல்லாமல் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். உறுப்பினரானால் நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம், சர்வருக்குப் பணம் ஒதுக்குவது பற்றி முறைப்படி கேள்வி கேட்கலாம். அன்று சிரித்தவர்களில் குறைந்தது ஐந்தாறு பேருக்கு அந்த 42 நாள் தகுதி தாராளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாவிட்டால் உள்பெட்டியில் வாருங்கள், கூட இருந்து நிரப்பித் தருகிறேன்.