உள்ளூர் ஆளுக்கு வாய்க்காதா?
சிறைக் கைதிகளைச் சந்தித்துவந்த ஒரு வெளிநாட்டுப் போதகரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதால்தான் கைதிகள் அந்தப் போதகரிடம் மனம் திறந்தார்கள், உள்ளூர் ஆளுக்கு அது வாய்க்காது என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சரி, சாதியும் குடும்பமும் விசாரிக்காத ஆளிடம் பேசுவது எளிதுதான். ஆனால் பேசிய பிறகு? பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு எங்கள் பெரியப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார், எங்கள் சபை ஐயரோடு, அதாவது சர்ச் போதகரோடு, பல வருடம் போய்வந்தார். ஜெபத்தைவிட அவர் அதிகம் செய்தது கடிதம் எழுதிக் கொடுப்பதும், மனு போட்டுச் சிறையில் வந்து பார்க்க யாருமே இல்லாதவர்களின் வீடு தேடிப் போவதும்தான். கொலை வழக்கில் தண்டனை முடிந்து வருகிறவரை நேரே ஊருக்கு அனுப்பிவிட முடியுமா? எதிர்த்தரப்பில் யாருக்குக் கோபம் ஆறவில்லை, எந்தச் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் தங்கவைக்கலாம் என்பதெல்லாம் இந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும். ஒருமுறை பெரியப்பா, விடுதலையான நாங்குநேரிப் பக்கத்துக்காரர் ஒருவரைச் சிறை வாசலிலேயே கூட்டிக்கொண்டு, ஊர் பஸ் ஏற்றாமல், தென்காசியில் இருந்த அவர் அக்கா வீட்டுக்குப் போனார். அந்த அம்மா கதவையே திறக்கவில்லை. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், சாயங்காலம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். 1820-இல் சென்னையிலிருந்து இங்கே வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர்கூட, உபதேசியார்கள் எனப்படும் தமிழ்ச் சபை ஊழியர்களை வைத்துத்தான் ஊர் ஊராகச் சபை கட்டினார். கட்டுரையில் வரும் போதகருக்கும் அப்படி உள்ளூர்த் துணை இருந்திருக்கும். அவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.