14 சதவீத டெண்டர் வாக்கு: மறுவாக்குப்பதிவு விதி இல்லை

ஒரு வாக்குச்சாவடியில் டெண்டர் வாக்குகள் (தன் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதால் உண்மையான வாக்காளர் தனிச் சீட்டில் அளிக்கும் வாக்குகள்) 14 சதவீதத்தைத் தாண்டினால் அங்கு கட்டாயம் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று ஒருவர் பகிர்ந்திருக்கிறார். மன்னிக்கவும், அப்படியொரு விதி இந்தியத் தேர்தல் சட்டத்தில் எங்கும் இல்லை.

தன் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதாகத் தெரியவரும் வாக்காளர், அடையாளம் குறித்த கேள்விகளுக்குத் திருப்தியாக விடையளித்தால், 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49P என்ற விதி அவருக்கு வாக்குச்சீட்டு தரச் சொல்கிறது. அவர் இயந்திரத்தில் வாக்களிப்பதில்லை. படிவம் 17B-யில் கையொப்பமிட்டு, சீட்டில் முத்திரையிட்டுத் தர, அதை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் தனி உறையில் வைக்கிறார். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறை பிரிக்கப்படுவதே இல்லை. வெற்றி வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றால் மட்டுமே இந்த வாக்குகள் கவனம் பெறும். 2008இல் ஒரே ஒரு வாக்கில் முடிவான ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதி வழக்கில் அதுதான் நடந்தது.

மறுவாக்குப்பதிவுக்கான காரணங்கள் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவுகள் 58, 58ஏ ஆகியவற்றில் உள்ளன: இயந்திரம் பழுதாவது, அபகரிக்கப்படுவது, வாக்குச்சாவடி கைப்பற்றப்படுவது போன்றவை. சட்ட வாசகம் அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த இரண்டு பிரிவுகளிலும் 14 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள்.