அரண்மனைக்கு 80 நிமிடம், ஜேடு கடைக்கு 2 மணி நேரமா?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெய்ஜிங்கில் இரண்டாம் நாள். ஜேடு கல் விற்கும் கடைக்குள் எங்கள் சுற்றுலாக் குழு இருந்தது 2 மணி 10 நிமிடம். தடைசெய்யப்பட்ட நகரம் என்ற பேரரசர் அரண்மனைக்குள் இருந்தது 80 நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே எழுதி வைத்த கணக்கு இது. ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் வயிறு எரிகிறது.

அந்த அரண்மனையைக் கட்ட 1406 முதல் 1420 வரை ஆனது. மிங், சிங் என்று இரண்டு வம்சங்கள், 24 பேரரசர்கள் அங்கே இருந்து ஆண்டிருக்கிறார்கள். தெற்கு வடக்காக மட்டும் 961 மீட்டர். நிற்காமல் நடந்தாலே கால் மணி நேரம் ஆகிற தூரம். அதற்கு 80 நிமிடம் கொடுத்தால் எதைப் பார்ப்பது? வாசலைப் பார்க்கலாம், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்க்கலாம்.

என்னோடு வந்தது அம்மா. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். பாடப்புத்தகத்தில் மிங் வம்சத்துக்கு ஒரு பத்திதான் இருக்கும், அந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுக்கப் பேசுவார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் வந்தது அந்த இடத்தை ஒரு முறை கண்ணால் பார்க்கத்தான். அவருக்குக் கிடைத்தது காதில் மாட்டிய ஒரு கருவியும் அதற்குள்ளிருந்து "சீக்கிரம், சீக்கிரம், கொடியைப் பாருங்கள்" என்ற வழிகாட்டியின் குரலும்.

அந்த இடம் அமைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கே வூமென் வாசல் வழியாக மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனால் ஒரு பெரிய முற்றம், ஓடை, அதன் மேல் ஐந்து வெள்ளைப் பாலங்கள். அதைத் தாண்டினால் இன்னொரு வாசல். அதற்கப்புறம்தான் அரியணை இருக்கும் தைஹெ மண்டபத்தின் முற்றம் விரிகிறது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வெறும் கல்தரை, வானம், மூன்றடுக்கு வெள்ளை மேடைமேல் அந்த மண்டபம். பார்க்க வருகிறவன் நடக்க நடக்கத் தன்னைச் சிறியவனாக உணர வேண்டும் என்பதற்காகவே போட்ட தூரம் அது. ஓடினால் அந்த உணர்வு வராது. மூச்சுதான் வாங்கும்.

எங்களை ஓட விட்டார்கள்.

மண்டபத்துக்குள் யாரையும் விடுவதில்லை. தடுப்புக்கு வெளியே நின்று எட்டித்தான் பார்க்க வேண்டும், அதற்கே கூட்டம் முண்டியடிக்கிறது. ஐந்து நிமிடம் பொறுமையாக நின்றால் முன்வரிசைக்கு வந்துவிடலாம். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பக்கத்தில் பெரிய பெரிய அண்டாக்கள் இருக்கின்றன. தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தவை. குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமலிருக்க அடியில் தீ மூட்டுவார்களாம். சில அண்டாக்களுக்குத் தங்க முலாம். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்தபோது சிப்பாய்கள் துப்பாக்கிமுனைக் கத்தியால் அந்த முலாமைச் சுரண்டினார்கள் என்று சொல்கிறார்கள். அம்மா குனிந்து பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் அடியிலிருக்கும் செம்பு கருத்துத் தெரிகிறது. "அடிப்பிடிச்ச பாத்திரத்தைக் கரண்டியால சுரண்டின மாதிரியே இருக்குப்பா" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்குள் கொடி அடுத்த வாசலுக்குள் மறைந்துவிட்டது. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் திரும்பி வந்து, "வாங்க தம்பி, எல்லா வாசலும் ஒரே மாதிரிதானே இருக்கு, போட்டோ எடுத்தாச்சுல்ல?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓடிக்கொண்டே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்.

பாவோஹெ மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது. படிக்கட்டுகளுக்கு நடுவே சரிவாகப் படுத்திருக்கும் ஒரே கல். 16 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை, மேலே மேகமும் டிராகன்களும். பெய்ஜிங்குக்கு வெளியே வெகு தூரத்தில் இருந்த சுரங்கத்திலிருந்து கொண்டு வந்தது. எப்படி? நடுக் குளிர்காலத்தில், வழிநெடுகக் கிணறு வெட்டி, தண்ணீரைப் பாதையில் ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டிமேல் ஆயிரக்கணக்கான ஆட்கள் இழுத்து வந்தார்கள். கிளம்புவதற்கு முன்பே அம்மா என்னிடம் கேட்டது இந்த ஒரு கல்லைத்தான். எங்கள் வழிகாட்டி பக்கத்துப் படி வழியாக எல்லாரையும் இறக்கிக் கூட்டிப் போய்விட்டார். அப்படி ஒரு கல் இருப்பதாகக்கூடச் சொல்லவில்லை. நான் அம்மாவை நிறுத்திக் காட்டினேன். "இருப்பா, ஒரு நிமிஷம்" என்று அவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் காதில் குரல்: "பேருந்து காத்திருக்கிறது."

சரி, பேருந்து எதற்காகக் காத்திருந்தது? அடுத்து ஒரு பட்டுக் கடை!

வடக்கு வாசலில் வெளியே வந்தால் சாலைக்கு எதிர்ப்புறம் ஜிங்ஷான் குன்று. அகழி தோண்டிய மண்ணைக் குவித்து எழுப்பியது. மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சொங்ஜென் 1644இல் உயிரை விட்டது அங்கேதான். மேலே ஏறினால் அரண்மனையின் மஞ்சள் கூரைகள் அத்தனையும் காலடியில் தெரியும். பயணத் திட்டத்தில் "ஜிங்ஷான் பூங்கா காட்சி" என்று போட்டிருந்தார்கள். காட்சி என்றால் பேருந்து ஜன்னல் வழியாகவாம்! அங்கே நுழைவுச்சீட்டு 2 யுவான். இரண்டே இரண்டு யுவானையும் அரை மணி நேரத்தையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இதைவிடக் கொதிப்பது, பேரரசர்கள் வானத்தை வழிபட்ட சொர்க்கக் கோயில் விஷயம். "நுழைவுக் கட்டணம் அனைத்தும் உட்பட" என்று நிறுவனம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அங்கே இரண்டு வகைச் சீட்டு உண்டு. சீசனில் பூங்காவுக்குள் மட்டும் போக 15 யுவான். உள்ளே இருக்கும் மண்டபமும் பலிமேடையும் எதிரொலிச் சுவரும் சேர்த்துப் பார்க்க 34 யுவான். எங்களுக்கு வாங்கியது எது என்று சொல்லவே வேண்டாம். படத்தில் எல்லாரும் பார்த்திருக்கும் அந்த நீலக்கூரை வட்ட மண்டபத்தை மதில் சுவருக்கு மேலே கூரை மட்டும் தெரிய நின்று பார்த்தோம். 38 மீட்டர் உயரம், ஆணியே அடிக்காமல் 28 மரத்தூண்கள் தாங்கும் மண்டபம். நடுவில் நான்கு தூண் நான்கு பருவத்துக்கு, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு, வெளி வட்டத்துப் பன்னிரண்டு ஒரு நாளின் பொழுதுகளுக்கு. 1889இல் இடி விழுந்து எரிந்து, மறுபடி அதே மாதிரி கட்டினார்கள். இத்தனையும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நாங்கள் இந்தப் பக்கம் நிற்கிறோம். "உள்ளே போகிற சீட்டை நான் என் காசில் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். "நேரமில்லை" என்றார் வழிகாட்டி. காலையில் ஜேடு கடையில் கதவை அடைத்துக்கொண்டு வளையலுக்கு விளக்கம் கொடுத்தபோது நேரம் இருந்ததே!

கோடைக்கால அரண்மனையிலும் இதே கதை. 728 மீட்டர் நீள நடைக்கூடம், உத்தரங்களில் 14,000க்கு மேல் ஓவியங்கள். ஏரிக்கரையில் பத்து நிமிடம் நிறுத்தி, "படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவ்வளவுதான்.

அந்த வழிகாட்டிப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. கடையில் நாங்கள் எதையும் வாங்காமல் நின்றபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தாலே தெரிந்தது, அவர் பிழைப்பு எங்கே இருக்கிறதென்று. கோபம் எல்லாம் இப்படி ஒரு திட்டத்தைப் போட்டு, அதை "பேரரசர்களின் பெய்ஜிங்" என்று விற்றவர்கள்மேல்தான். சீனாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குறிப்பிட்ட கடைகளுக்குக் கூட்டிப்போய் வாங்க வைக்கக் கூடாது என்கிறது. பயணி ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு. அந்த ஒப்புதலை எப்படி வாங்கினார்கள் தெரியுமா? திட்டத்தில் "பாரம்பரியக் கைவினை மையம்" என்று எழுதியிருந்தது. கைவினையைப் பார்க்கப் போகிறோம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

போகப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். எந்தச் சீட்டு, எத்தனை மணி நேரம், எத்தனை "மையம்" என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் புகார் எழுதினேன். நான்கு நாள் கழித்து ஒரு வரி பதில்: "பயணத் திட்டத்தில் உள்ள எல்லா இடங்களும் காட்டப்பட்டன." காட்டப்பட்டனவாம்! மதில் சுவரைக் காட்டினார்கள், பேருந்து ஜன்னலைக் காட்டினார்கள்.

அதே சட்டத்தில், இப்படி வாங்க வைத்த பொருளை பயணம் முடிந்த 30 நாளுக்குள் திருப்பிக்கொடுத்துப் பணம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் முகத்துக்காக அம்மா கடைசி நேரத்தில் ஒரு வளையல் வாங்கினார். "விடுப்பா, அந்தப் பொண்ணு சம்பளத்துல பிடிச்சுடப் போறாங்க" என்கிறார் இப்போது. வாங்கி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் அதைக் கையில் போடவில்லை, பெட்டியோடு பீரோவில் கிடக்கிறது. இன்னும் 8 நாள் இருக்கிறது. இரண்டாவது கடிதத்தை இன்றிரவு அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு யுவான்கூடப் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதித்தான்.