ஓவிட்டின் புராணங்கள் அலங்காரம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பேசியவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நன்றாகப் படித்தவர், அவர் பேச்சின் முதல் பாதியை நான் குறிப்பெடுத்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் நாடுகடத்தல் கவிதைகளுக்கு வந்ததும் அவர் சொன்ன ஒரு வரி மூன்று நாளாக என்னை விடவில்லை. "உண்மையான துக்கம் உவமை தேடாது, இந்த மனிதர் அழும்போதும் புராணத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்." திரை முழுக்கக் கைதட்டல் படங்கள். நான் கை உயர்த்தினேன், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். சரி, இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். ஓவிட் எதையும் புரட்டவில்லை. அவர் நாடுகடத்தப்பட்ட டோமிஸில் புரட்டுவதற்குப் புத்தகமே இல்லை. நாடுகடத்தலில் எழுதிய 'ட்ரிஸ்டியா' தொகுப்பின் மூன்றாம் நூலின் கடைசிக் கவிதையைப் படித்துப் பாருங்கள், இங்கே புத்தகங்கள் இல்லை, படித்துக் காட்டினால் புரிந்துகொள்ள ஒரு காது இல்லை என்று அவரே எழுதுகிறார். அங்கிருந்து எழுதிய கிரேக்கப் புராணத்து ஆட்கள், அத்தனை யுலிசிஸும் மெடியாவும் பிலோக்டெட்டிஸும், தலைக்குள்ளிருந்து வந்தவர்கள். கி.பி. 8இல் ரோமானியச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் உத்தரவு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது, உருமாறியவர்களின் புராணக் கதைகளைச் சொல்லும், பதினைந்து நூல்கள் கொண்ட 'மெட்டமார்ஃபோசிஸ்' கடைசித் திருத்தம் பெறாமல் கையில் இருந்தது. அத்தனை வருடம் அந்தக் கதைகளுக்குள்ளேயே குடியிருந்த ஒருவரைப் பிடுங்கிக் கருங்கடல் ஓரத்தில், இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவில் கொண்டுபோய் நட்டால் அவர் வேறு எதை வைத்துப் பேசுவார்? வீடு போனது, நகரம் போனது, மனைவி ரோமில், பேசிய மொழியைச் சுற்றிலும் யாரும் பேசவில்லை. மிஞ்சியது அந்தக் கதைகள்தான். அதைப் போய் அலங்காரம் என்கிறீர்கள்.

அக்டியோனை எடுத்துக்கொள்ளுங்கள். நாடுகடத்தலுக்கு இரண்டு காரணங்கள் என்று ஓவிட் சொல்கிறார், ஒரு கவிதை, ஒரு பிழை. கவிதை எது என்று நமக்குத் தெரியும், காதல் கலை பற்றிய அந்த நூல். பிழை எது என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. எதையோ பார்த்துவிட்டார், பார்க்கக் கூடாததை, அவ்வளவுதான். சொன்னால் அகஸ்டஸின் புண்ணைத் திரும்பக் கிளறியதாகும். வழக்கு இல்லை, செனட் தீர்மானம் இல்லை, ஒரு மனிதரின் ஆணை மட்டும். அந்த மனிதருக்கே நேரடியாக எழுதிய நீண்ட கவிதையில், ஏன்தான் பார்த்தேனோ, என் கண்களை ஏன் குற்றவாளி ஆக்கினேனோ என்று கேட்டுவிட்டு உடனே அக்டியோனிடம் போகிறார். வேட்டைக்குப் போனவன், தெரியாமல் தேவி டயானா குளிப்பதைப் பார்த்துவிட்டான், தன் நாய்களுக்கே இரையானான். இங்கே உவமை எங்கே இருக்கிறது? இது வாக்குமூலம். வாயைத் திறந்து சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி. இதே அக்டியோன் கதையை நாடுகடத்தலுக்கு முன்பே 'மெட்டமார்ஃபோசிஸ்' மூன்றாம் நூலில் அவர் எழுதியிருக்கிறார், அங்கே தொடங்கும்போதே, இது விதியின் தவறு, வழி தவறியதில் என்ன குற்றம் என்று கேட்டும் வைத்திருக்கிறார். தான் எழுதிய கதைக்குள் தானே போய் மாட்டிக்கொண்ட ஒருவர் அந்தக் கதையைத் திரும்பச் சொல்வதைப் பார்த்து, "புராணத்தைப் புரட்டுகிறார்" என்று சிரிக்க எப்படி மனம் வருகிறது?

யுலிசிஸ் விஷயத்திலும் இதேதான். 'ட்ரிஸ்டியா' முதல் நூலின் ஐந்தாம் கவிதை. யுலிசிஸ், ட்ராய் போர் முடிந்து ஊர் திரும்பப் பல வருடம் கடலில் அலைந்தவன். கவிஞர்களே, யுலிசிஸை விட்டுவிட்டு என் துன்பத்தை எழுதுங்கள், அவனைவிட நான் பட்டது அதிகம் என்கிறார். இதைப் பேச்சாளர் தற்பெருமை என்றார். அடுத்த வரிகளைப் படித்தாரா? யுலிசிஸோடு விசுவாசமான ஒரு கூட்டம் இருந்தது, என்னோடு இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவன் வென்றுவிட்டு ஊர் திரும்பினான், நான் தோற்று ஊரைவிட்டுப் போகிறேன். அவன் உடம்பு உழைத்து உரமேறியது, என்னுடையது அப்படி இல்லை. அவனுக்குத் தேவி மினர்வா துணை, என்மேல் தேவர்களின் அரசன் ஜூபிடரின் கோபம். அப்புறம் இதுதான் முக்கியமான வரி: அவன் பட்ட பாட்டில் பெரும்பகுதி கற்பனை, என் துன்பத்தில் கட்டுக்கதை எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கதை கட்டிய ஒருவர் சொல்கிறார் இதை. புராணத்தைக் கூப்பிடுவது அது தனக்குப் போதவில்லை என்று காட்டுவதற்காக. அளந்து பார்க்கிறார், அளவுகோல் சின்னதாக இருக்கிறது.

எங்கள் அம்மம்மா ஓவிட்டைக் கேள்விப்பட்டவர் இல்லை. 1995 அக்டோபர் கடைசியில், போரில், யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கக் கிளம்பிய இரவில், மழையில், நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நடந்தவர். பிறகு வன்னி, பிறகு கொழும்பு, கடைசியில் என் மாமாவோடு பனி கொட்டும் ஒரு ஊர். அங்கே யாரோ ஆறுதலாக, ராமனே காட்டுக்குப் போகவில்லையா அம்மா என்று சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "ராமனுக்குப் பதினாலு வருசமெண்டு கணக்குச் சொல்லியெல்லோ அனுப்பினவை. எங்களுக்கு ஆர் கணக்குச் சொன்னது?" அவர் அதைச் சொன்ன விதத்தில் கவிதையும் இல்லை, அலங்காரமும் இல்லை. ராமாயணத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் தன் கதையை அதோடு வைத்துப் பார்த்தார், ராமனுக்கு இருந்தது தனக்கு இல்லை என்று கண்டார். பல வருடம் கழித்து அந்த யுலிசிஸ் கவிதையை நான் படித்தபோது அம்மம்மாவின் குரல்தான் கேட்டது. உண்மையான துக்கம் உவமை தேடாதாம். என் அம்மம்மாவின் துக்கம் உண்மை இல்லையா?

இப்போது பதில்கள் வரும், தெரியும். சிலவற்றுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"அகஸ்டஸை ஜூபிடர் ஜூபிடர் என்று துதிபாடினாரே." பாடினார். டோமிஸிலிருந்து எழுதிய இன்னொரு தொகுப்பான கருங்கடல் கடிதங்களில் சில இடங்கள், குறிப்பாகச் சக்கரவர்த்தி குடும்பத்தின் வெள்ளி உருவங்களைப் பெற்றுக்கொண்டு உருகும் கவிதை, எனக்கும் படிக்கக் கூசுகிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் ஜூபிடர் என்று சொன்னது யார்? ஐயோ (Io) என்ற பெண்ணைப் பசுவாக மாற்றிய, பெண்களைத் துரத்தித் திரிந்த ஜூபிடரை 'மெட்டமார்ஃபோசிஸ்'ஸில் வரைந்தவர். அந்தப் புத்தகத்தைப் படித்த ரோமானியனுக்கு "நீங்கள் ஜூபிடர்" என்ற வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மனிதர்கள் தப்பு செய்யும் ஒவ்வொரு தடவையும் ஜூபிடர் இடியை வீசினால் சீக்கிரமே அவர் கையில் ஆயுதம் இருக்காது என்று அதே சக்கரவர்த்திக்கே எழுதினார். துதி என்று மட்டும் அதைப் படிக்க என்னால் முடியவில்லை.

"சொத்து பறிபோகவில்லை, குடியுரிமை பறிபோகவில்லை, இதற்கு ஏன் இவ்வளவு ஒப்பாரி." இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பாஸ்போர்ட் இருக்கிறதே, பிறகென்ன என்று எங்களிடமும் கேட்டிருக்கிறார்கள்.

"டோமிஸ் அவ்வளவு குளிர் இல்லை, இன்று அது கடற்கரைச் சுற்றுலா ஊர், எல்லாம் மிகை." மிகை உண்டு. மற்றவர்கள் எழுதியதிலிருந்தும் எடுத்திருக்கிறார், ஜாடியின் வடிவத்திலேயே உறைந்து நிற்கும் ஒயின் எல்லாம் அந்த வகைதான். ஆனால் 2012 பிப்ரவரியில் அதே கான்ஸ்டன்ட்சா கரையில் கடல் உறைந்து கிடந்த படங்களைப் பாருங்கள். உறைந்த கடலைப் பார்த்ததும் அவருக்கு, காதலியைப் பார்க்க நீரிணையை நீந்திக் கடந்து மூழ்கிப்போன லியாண்டர் ஞாபகம் வருகிறான், உன் நீரிணை இப்படி இருந்திருந்தால் நீ மூழ்கியிருக்க மாட்டாயே என்று அவனிடம் பேசுகிறார். அருகில் லத்தீன் தெரிந்த ஒருவரும் இல்லாதபோது செத்துப்போன காதலனோடு பேசுகிறார். எனக்கு அந்த இடத்தில் ஒயின் உறைந்ததா இல்லையா என்பது முக்கியமாகத் தெரியவில்லை.

"அவர் ரோமை விட்டே போகவில்லை, எல்லாம் இலக்கிய விளையாட்டு." 1980களிலேயே இப்படி ஒரு வாதம் வந்தது. ரோமானிய எழுத்தாளர்கள் மூத்த பிளினியும் ஸ்டேஷியஸும் அவர் அங்கே இருந்ததை நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள், இருவரும் அவருக்குச் சில தலைமுறைகள் மட்டுமே பிந்தியவர்கள்.

"லத்தீன் தெரியாமல் இதையெல்லாம் பேசலாமா." கூட்டத்தின் குழுவில் இதை ஒருவர் எழுதியிருந்தார், என்னைத்தான். ஆங்கில மொழிபெயர்ப்புகளை மூலத்துக்குப் பக்கத்தில் வைத்து, அகராதியோடு, பல வருடமாகப் படிக்கிறேன். ஹோமரைக் கிரேக்கம் தெரிந்தா அந்தக் குழுவில் எல்லோரும் பேசுகிறீர்கள்? என்னிடம் மட்டும் ஏன் சான்றிதழ் கேட்கிறீர்கள்?

அலங்காரம் என்பவர்கள் கவனிக்காத இன்னொன்று, அந்தக் கதைகள் நடந்த இடத்திலேயே அவர் இருந்தார். ரோமில் சொகுசாகக் கேட்ட கதைகளின் கரை அது. மெடியா தன் தம்பியை வெட்டிப் போட்டது டோமிஸில்தான் என்று 'ட்ரிஸ்டியா' மூன்றாம் நூலில் எழுதுகிறார். கருங்கடல் கடிதங்களின் மூன்றாம் நூலில் இரண்டாம் கடிதத்தை இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து படியுங்கள். தன்னைக் கைவிடாத நண்பர்களைப் பற்றி அவர் அங்குள்ளவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்து, நட்பு என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியும் விருந்தாளியே என்று தொடங்கி, ஓரெஸ்டிஸ், பைலடிஸ் கதையைச் சொல்கிறார். அதே கருங்கடல் கரையிலிருந்த டாரிஸ் நாட்டில் வருகிற அந்நியரை டயானாவுக்குப் பலிகொடுக்கும் கோயில், அங்கே பூசாரியாக, தானும் தூரதேசத்திலிருந்து கொண்டுவரப்பட்ட இபிஜினியா. பிடிபட்ட இரண்டு நண்பர்களும் நான் சாகிறேன் நான் சாகிறேன் என்று ஒருவருக்காக ஒருவர் சண்டை போடுகிறார்கள், அப்போதுதான் ஓரெஸ்டிஸ் தன் தம்பி என்று அவளுக்குத் தெரியவருகிறது. காட்டுமிராண்டிகள் என்று இவர் கவிதை கவிதையாகத் திட்டிய மக்கள், இவருடைய புராணத்தை இவருக்கே திரும்பச் சொல்கிறார்கள், எங்கள் ஊரில் நடந்தது என்று. எல்லோரும் பாராட்டுகிறார்கள். அப்புறம் அந்த மக்களின் கெட்டிக் மொழியைக் கற்று அதிலேயே ஒரு கவிதையும் எழுதியதாகச் சொல்கிறார். அது நமக்குக் கிடைக்கவில்லை, அந்த இழப்பு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்ப எழுதுகிறார் என்று அன்றும் புகார் இருந்தது. புரூட்டஸ் என்ற நண்பரே யாரோ சொன்னதாக எழுதிவிட்டார். ஓவிட்டின் பதில்: மகிழ்ச்சியாக இருந்தபோது மகிழ்ச்சியைப் பாடினேன், துயரத்தில் துயரத்தைப் பாடுகிறேன். வேறு என்ன சொல்ல வேண்டும் அவர்? அழுதால் அலங்காரம் என்கிறோம், திரும்ப அழுதால் சலிப்பு என்கிறோம், கெஞ்சினால் துதி, கோபப்பட்டால் நன்றிகெட்டவர். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர் எப்படி அழ வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறதா, அதை யார் எழுதிவைத்தது? சோகமாக, சுருக்கமாக, படிப்பு எதையும் காட்டாமல், கேட்பவருக்குச் சங்கடம் தராமல் அழ வேண்டும். இதைத்தான் அகதி நேர்காணல் அறைகளில் எங்கள் ஆட்களிடமும் எதிர்பார்த்தார்கள். நன்றாகப் பேசினால் கதை தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பார்கள். என் மாமா நன்றாகப் பேசுவார். அதனால் அவர் பட்டதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

2017இல் ரோம் நகரசபை ஓவிட்டின் தண்டனையை ரத்து செய்து தீர்மானம் போட்டது. அவர் கி.பி. 17 அல்லது 18இல் டோமிஸிலேயே செத்துப்போனார், அகஸ்டஸுக்குப் பின் வந்த சக்கரவர்த்தி திபேரியஸும் திரும்பக் கூப்பிடவில்லை. தீர்மானம் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவரைப் படிக்கிறவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்யலாம்.

குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள், அக்டியோன் வரிகளையும் கிழவரின் கதையையும் மட்டும் படித்துப் பேசுகிறேன். பேச்சாளரும் வர வேண்டும். அதுவரை இந்தப் பதிவின் கீழே அலங்காரம் என்று எழுதுகிறவர்கள் எந்தக் கவிதை, எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.