ராக்கெட் தனியாருடையது, பணம் யாருடையது?

"இனி விண்வெளியைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள், அரசு ஒதுங்கிக்கொள்ளலாம்" என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆதாரமாகக் காட்டுவது ஈலான் மஸ்க்கின் ராக்கெட் கம்பெனியான ஸ்பேஸ்எக்ஸை. எனக்கு அந்த கம்பெனியின் கதையே இதற்கு நேர்மாறாகப் படுகிறது.

2008 ஆகஸ்டில் அதன் ஃபால்கன் 1 ராக்கெட் மூன்றாவது முறையாகத் தோற்றது. முதல் அடுக்கின் எஞ்சினை அணைத்த பிறகும் அதில் கொஞ்சம் உந்துவிசை மிச்சம் இருந்திருக்கிறது. கழன்ற அடுக்கு பின்னாலேயே வந்து மேல் அடுக்கை முட்டிவிட்டது. அணைப்பதற்கும் கழற்றுவதற்கும் நடுவே சில வினாடிகளைக் கூட்டினார்கள். செப்டம்பர் 28 அன்று நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டே மாதம்! இந்த வேகம் அரசு நிறுவனங்களுக்கு லேசில் வராது, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அப்போது கையில் காசு கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருந்தது. கம்பெனியைக் கரைசேர்த்தது அந்த டிசம்பரில் நாசா கொடுத்த 160 கோடி டாலர் ஒப்பந்தம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 12 தடவை சரக்கு கொண்டுபோகும் வேலை. ஃபால்கன் 1 கிளம்பிய, பசிபிக் கடலில் இருக்கும் குவாஜலீன் தீவுத்திட்டும் அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தளம்தான்.

2014ல் ஆட்களை ஏற்றிச்செல்லும் வேலையை நாசா இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தது: போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. அதிகம் வாங்கிய போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் 2024ல் மக்கர் செய்தது. சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஒன்பது மாதம் மேலேயே இருந்துவிட்டு, ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் திரும்பினார்கள். ஒருவர் சறுக்கினால் இன்னொருவர் இருக்கட்டும் என்று முன்கூட்டியே யோசித்தது நாசா. தலைமை என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம், சரக்கு ஏற்றுவது வேறு, ஆராய்வது வேறு. ஸ்பேஸ்எக்ஸின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க்குக்கு மாதாமாதம் சந்தா வரும். புளூட்டோவுக்கு யார் சந்தா கட்டுவார்கள்? 2006ல் கிளம்பிய நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் கலம் அங்கே போய்ச்சேர 2015 ஆனது. 2025ல் டிரம்ப் அரசு முன்வைத்த பட்ஜெட், நாசாவின் அறிவியல் நிதியில் கிட்டத்தட்ட பாதியை வெட்டச் சொன்னது. நிறுத்தச் சொன்ன பட்டியலில் நியூ ஹொரைசன்ஸும் இருந்தது. இன்னும் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும் கலம் அது! படித்தபோது வயிறு எரிந்தது.

2024 மே 30 அன்று சென்னையின் தனியார் ராக்கெட் கம்பெனி அக்னிகுல், ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ வளாகத்துக்குள் அமைத்த தன் ஏவுதளத்திலிருந்து, முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினோடு ராக்கெட்டை ஏவியது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு அரசு தாராளமாக ஆர்டர் கொடுக்கட்டும். சிறிய செயற்கைக்கோள்களை ஏவுவதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அதில் மிச்சமாகும் ஆளும் பணமும் சந்திரயான், ஆதித்யா போன்ற வேலைகளுக்குப் போக வேண்டும். "அதுதான் தனியார் வந்துவிட்டார்களே" என்று சாக்குச் சொல்லி இஸ்ரோவின் ஆராய்ச்சிப் பணத்தில் யார் கை வைத்தாலும் நான் எதிர்ப்பேன், எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் சரி.