95 டிகிரி பற்றி ஒரு திருத்தம்

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7700எக்ஸ் பிராசசர் பற்றி, "அது 95 டிகிரியைத் தொட்டால் சிப் கருகிவிடும், அதனால் கோர் வோல்டேஜை 1.4 வோல்ட்டில் வைத்து எல்லாக் கோரையும் 5.4 கிகாஹெர்ட்ஸில் பூட்டிவிடுங்கள்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி ஆபத்து.

95 என்பது இந்தச் சிப்புக்கு ஏஎம்டியே வைத்த உச்ச வரம்பு. சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் மாதிரி எல்லாக் கோரையும் (சிப்புக்குள் இருக்கும் கணக்கிடும் பகுதிகளை) பிழியும் வேலையில் அது 95 வரை போய், அதற்கு மேல் ஏறாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆடும்போது பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. கேமிலேயே 95-இல் நின்றால் கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, லிக்விட் கூலரென்றால் பம்ப் ஓடுகிறதா, அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். (சிரிக்காதீர்கள், உரிக்க மறப்பவர்கள் நிறைய.)

வேகத்தைப் பூட்டினால் சிப்பின் சொந்த பூஸ்ட் (தேவைப்படும்போது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) போய்விடும். வோல்டேஜும் லோடு பார்த்து இறங்காமல் அங்கேயே நிற்கும். சிப்பைத் தேய்ப்பது அதுதான்.

இவ்வளவு சூடு உங்களுக்குப் பிடிக்கவில்லையா? பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பிபிஓ என்ற பூஸ்ட் வரம்புகளை மாற்றும் பகுதிக்குள் போய் வெப்ப வரம்பை 85 ஆக்குங்கள். அப்புறம் சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் நெகட்டிவ் 10-இல் தொடங்குங்கள். ஒன்று கவனியுங்கள்: அந்த அளவு உங்கள் சிப்புக்குச் சரியில்லையென்றால் முழு லோடில் தெரியாமலும் போகலாம். சும்மா பிரவுசர் திறந்து வைத்திருக்கும்போது கணினி திடீரென ரீஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனால் நெகட்டிவ் 5-க்குக் குறையுங்கள்.